வாய்ப்பூட்டுக்குப் பெயர்சூட்டு விழா

பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று சங்கரனுக்குத் தோன்றியது ஒரு கல்யாண ரிசப்ஷனில். பக்கத்து நாற்காலிக்காரரிடம் தான் செயலாளராக இருக்கும் சங்கத்தைப் பற்றிப் பெருமையாகப் பேச்செடுத்திருக்கிறார். 'வாய்ப்பூட்டு' என்று சொன்னதும் அந்த மனிதர் ரோஸ் மில்க்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். மறுநாள் மாலை லஸ் முனைக்குப் பக்கத்திலுள்ள மாடி அறைக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, அங்கே மாலைகளில் தட்டச்சு செய்யும் வஜீஹாவிடம் இதை மூன்று தடவை சொன்னார். இரண்டரை வருடமாக இந்த அறையில் என்ன வேலை நடக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்காதவர். பெயர் உறுத்தியதும் ஓடி வந்துவிட்டார்.

"ஏம்மா, கேக்கவே அபசகுனமா இல்லையோ? நல்லதா ஒண்ணு வெச்சுட்டா நாலு பெரிய மனுஷா வருவா. 'இன்சொல்'னு வெச்சுடலாம்னு ஆத்துல சொன்னா. என்ன சொல்றே?"

வஜீஹா அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்தாள். அவர் கேட்டது பதிலுக்காக இல்லை.

வாய்ப்பூட்டு என்பது இணையத்தில் இருந்த ஒரு பட்டியல். யாராவது எதையாவது வலைத்தளத்தில் எழுதுவார்கள். அது யாருக்காவது சுடும். 'உடனே எடு, இல்லாவிட்டால் கோர்ட்டில் பார்' என்று வக்கீல் நோட்டீஸ் வரும். எழுதியவர் பயந்து எடுத்துவிடுவார். அந்த நோட்டீஸை வாங்கி, ஒரு எழுத்து விடாமல் அடித்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி போட்டுவைப்பதுதான் வாய்ப்பூட்டின் வேலை. இருநூற்றுப் பதினோரு நோட்டீஸ்கள் இருந்தன. முதலாவதைத் தவிர அத்தனையையும் அடித்தவள் வஜீஹா. பகலில் ராயப்பேட்டையில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடிப்பாள். மாலையில் இரண்டு மணி நேரம் இங்கே. அவளை யாரும் வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

அவள் வந்தது முதலாம் எண் நோட்டீஸுக்காக.

1996 ஆகஸ்டில் அவளுடைய அக்கா ஃபிர்தௌஸ் அடையாறில் சுகவனம் நர்ஸிங் ஹோமில் பிரசவத்துக்குச் சேர்ந்தாள். மறுநாள் மாலை ரத்தம் நிற்காமல் போய் இறந்துபோனாள். குழந்தையும் பிழைக்கவில்லை. பெரிய டாக்டர் கோதண்டராமன் அப்போது ஆஸ்பத்திரியில் இல்லை. எங்கே போயிருந்தார் என்று ஆயா ஒருத்தி வஜீஹாவிடம் சொன்னாள், மறுநாளே அந்த ஆயாவையும் காணோம். அந்தச் சமயத்தில் சுஹாஸ் என்ற இளைஞன் சென்னைக்காரர்கள் எதையும் எழுதலாம் என்று ஒரு வலைத்தளம் நடத்திக்கொண்டிருந்தான். வஜீஹா அதில் நான்கு வரி எழுதினாள். பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. சுஹாஸ் அவளிடம் கேட்காமலே அந்தப் பக்கத்தை அழித்தான். அழித்த கையோடு வெட்கம் வந்து, அந்த நோட்டீஸையே முதல் எண்ணாகப் போட்டு வாய்ப்பூட்டைத் தொடங்கினான். கதவையும் சாத்திவிட்டு, கதவு சாத்தியிருக்கிறது என்று ஊருக்கு அறிவிக்கிற வீரம். பிறகு அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. பட்டியலைச் சங்கரன் தலையில் கட்டிவிட்டுப் பறந்தான்.

வக்கீல் நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. ஆனால் எதை நீக்க வேண்டும் என்று சொல்லாமல் நீக்கச் சொல்ல முடியாதே. அதனால் நடுவில் வஜீஹாவின் நான்கு வரிகளைத் தமிழிலேயே, புள்ளி பிசகாமல், மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார் வக்கீல். அவள் எழுதிய பக்கம் போய்விட்டது. கைப்பிரதி எதுவும் அவளிடம் இல்லை. அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிற அந்த நான்கு வரிகள் உலகத்தில் பாக்கியிருந்தது அந்த நோட்டீஸுக்குள் மட்டும்தான். அடக்க வந்தவனே பத்திரப்படுத்தி வைத்திருந்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த நோட்டீஸை அடிக்க உட்காருவாள்.

பெயர் மாறினால் மாறட்டும், பூட்டை ஜிமிக்கி என்று கூப்பிட்டாலும் எனக்கென்ன என்றுதான் முதலில் இருந்தாள். சங்கரன் அடுத்த வாரம் செயற்குழுவைக் கூட்டினார். ஐந்து பேர் வந்தார்கள். அந்த ஐவரில் பட்டியலை ஒரு தடவையாவது திறந்து பார்த்தவர் எவரும் இல்லை என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. ஒருவர் அதை இணையத்தில் வெளிவரும் பக்தி மலர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். 'இன்சொல்' என்றதும் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். அமெரிக்காவிலிருந்து சுஹாஸ் மின்னஞ்சல் அனுப்பினான்: அருமையான பெயர், பாசிட்டிவாக இருக்கிறது. போண்டா வந்தது. போண்டாவைப் பிட்டுக்கொண்டே அந்தப் பக்தி மலர்க்காரர்தான் கேட்டார், பெயர் இன்சொல் என்று இருக்க, உள்ளே வன்சொல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று. சங்கரனுக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. உடனே தீர்மானம் எழுதினார்கள். விழா முடிந்த மறுநாளிலிருந்து நோட்டீஸ்களுக்குள் இருக்கும் மேற்கோள்கள் அனைத்தும் நீக்கப்படும். அனுப்பியவர் பெயர், தேதி, 'கருத்து வேறுபாடு' என்ற ஒரு சொல், இவ்வளவு மட்டும் இருந்தால் போதும்.

வஜீஹா எழுந்து, சார், அந்த மேற்கோள்தான் சார் பட்டியலே, அதை எடுத்தால் ஒன்றுமே இல்லை என்றாள். சங்கரன் கையமர்த்தினார்.

"நீ அடிச்சுக் குடுக்கறே, ரொம்ப சந்தோஷம். கொள்கையெல்லாம் எங்ககிட்ட விட்டுடு."

கொள்கை என்று சொல்லும்போது அவர் மீசையில் தேங்காய்ச் சட்னி ஒட்டியிருந்தது. இந்த மூஞ்சிக்கா நான் இவ்வளவு நாள் சார் சார் என்றேன் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கச்சேரி ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் பெயர்சூட்டு விழா என்று முடிவாயிற்று. விழா என்றால் மேடை வேண்டும், மேடை என்றால் அதில் உட்காரப் பெரிய மனிதர்கள் வேண்டும், பெரிய மனிதர்கள் என்றால் பொன்னாடை வேண்டும். பொன்னாடையைச் சங்கரன் வாங்கிவிட்டார். மனிதர்களுக்கு என்ன செய்வது? வஜீஹாவிடம் வந்து, நம்மோடு தொடர்பில் இருக்கிறவர்களுடைய விலாசம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கறது நோட்டீஸ் அனுப்பினவங்க விலாசம்தான் சார். வேற யாரும் நமக்கு எழுதறதில்ல."

"நமக்கு லெட்டர் போட்டிருக்கா இல்லையோ? அப்போ தொடர்புல இருக்கறவாதான். எடு."

எடுத்துக் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெயர்களைப் படித்தார். தாளாளர், டைரக்டர், எம்.டி., டாக்டர். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அடடா, எவ்வளவு பெரிய பெரிய மனுஷாளெல்லாம் நம்மோடு இருக்கா, இத்தனை நாள் சொல்லாமலே இருந்துட்டியே என்று அவளையே கடிந்துகொண்டார். பெயருக்குப் பின்னால் பட்டம் அதிகமாக இருந்த நான்கு பேரைப் பொன்னாடைக்குத் தேர்ந்தெடுத்தார். நான்காவது பெயர் டாக்டர் கோதண்டராமன்.

வஜீஹா அதை அவர் தோளுக்கு மேலிருந்து படித்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் என்ன ஆகும்? அந்தப் பெயரை அடித்துவிட்டு ஐந்தாவது பட்டக்காரரை எழுதுவார். மேற்கோள்கள் எப்படியும் போகும். வாயை மூடிக்கொண்டாள்.

அழைப்பிதழையும் அவளே அடித்தாள். பழைய பெயர் எங்கேயும் வரக்கூடாது, அபசகுனம் என்று சங்கரன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 'இன்சொல் தொடக்க விழா, சான்றோர்க்குப் பாராட்டு' என்று தங்க எழுத்தில் போனது. வாய்ப்பூட்டு என்றிருந்தால் அந்த நால்வரும் அழைப்பிதழைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். இன்சொல் என்றதும், யாரோ நம்மைச் சான்றோர் என்று கடைசியில் கண்டுகொண்டார்கள் என்று நால்வரும் வருவதாக ஃபோன் செய்துவிட்டார்கள். யார் இவர்கள், எதற்காக நமக்குப் பாராட்டு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாராட்டுக்குக் காரணம் கேட்கிற வழக்கம் அந்த மாதிரி ஆட்களிடம் கிடையாது.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் சங்கரன் கடைசி வேலையைக் கொடுத்தார். தொகுத்து வழங்கப் போவது மாளவிகா. மயிலாப்பூர் சபாக்களில் தேன் குரல் என்று பெயர் வாங்கியவள். கையில் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அதை முன்கூட்டிப் பார்க்காமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிடுவாள். அதுதான் அவளுடைய திறமை. பொன்னாடை போர்த்துவதற்கு முன் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு குறிப்பு வாசிக்க வேண்டும்.

"அவாளைப் பத்தி நம்மகிட்ட என்ன இருக்கோ, அதைச் சுருக்கித் தமிழ்ல அடிச்சு நேரா மாளவிகா கையில குடுத்துடு. நேக்கு நேரமில்லை."

வஜீஹா அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் திருவல்லிக்கேணி வரை நடந்தே போனாள். அம்மி என்று அவள் கூப்பிடும் தாயார் ஹாஜிரா பீயிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அம்மி அழுது தடுத்துவிடுவாள். நம்மகிட்ட என்ன இருக்கோ என்று அந்த மனிதரே கேட்டிருக்கிறார். அவர்களைப் பற்றி வாய்ப்பூட்டிடம் இருப்பது அவர்கள் அனுப்பிய நோட்டீஸ்தான். மறுநாள் உட்கார்ந்து நான்கையும் தமிழாக்கினாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வசவு சேர்க்கவில்லை. நான்காவதில் தமிழாக்க வேண்டிய வேலை குறைவு. அதில் பாதி அவள் எழுதியதே.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் எண்பது பேர் இருந்தார்கள். குத்துவிளக்கு, கேசரி, ஃபில்டர் காபி, வீடியோக்காரர், அவருடைய பெரிய விளக்கு. மேடையில் நால்வரும் சங்கரனும். டாக்டர் கோதண்டராமன் தலைக்குச் சாயம் பூசி, பட்டு ஜிப்பா போட்டு, வீடியோ விளக்கு தன் மேல் விழுகிறதா என்று அடிக்கடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வஜீஹாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளைக் கூப்பிட்டு, அம்மா, இந்த மைக் என் பக்கம் கொஞ்சம் திருப்பு என்றார். திருப்பினாள்.

திரை விலகி 'இன்சொல்' என்ற பலகை தெரிந்தது. கைதட்டல். மாளவிகா முதல் குறிப்பை எடுத்தாள். ஒரு பள்ளியின் தாளாளரைப் பற்றியது.

"திரு. நரசிம்மபாரதி அவர்கள், 1997 நவம்பரில், தமது பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி பொய் என்று எழுதிய முன்னாள் மாணவரை ஏழு நாட்களுக்குள் மன்னிப்புக் கோரும்படி அறிவுறுத்தியவர்..."

தேன் குரலில் அது என்னவோ தர்ம காரியம் மாதிரி ஒலித்தது. கூட்டம் கைதட்டியது. தாளாளர் கைகூப்பினார். சங்கரன் பொன்னாடை போர்த்தினார். வஜீஹா கூட்டத்தைப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. பாராட்டு விழாவில் வாசிக்கிற குறிப்பை இந்த ஊரில் எவன் கேட்டிருக்கிறான்? கேசரி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாமவர், தாம் கட்டிய அடுக்குமாடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று எழுதிய கிழவரை மிரட்டியவர். அதற்கும் கைதட்டல். மூன்றாமவருக்கும் கைதட்டல், விசில் வேறு. இப்படியே நான்காவதும் கைதட்டலில் கரைந்து போய்விடும், நாளைக் காலையில் என் கையாலேயே அதை அழிப்பேன் என்று நினைத்தாள். இந்தச் செவிட்டு ஜன்மங்களுக்கு முன்னாலா என் அக்காவைக் கொண்டுவந்து நிறுத்தினேன் என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது.

நான்காவதுக்கு மட்டும் ஒரு வித்தியாசம் இருந்தது. டாக்டர் கோதண்டராமன் தன்னைப் பற்றிய குறிப்பைக் கவனமாகக் கேட்கிறவர். கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, சங்கீதம் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தார். பாதியிலேயே பொன்னாடையைப் போர்த்திவிட்டார் சங்கரன், அவருக்கும் பசி.

"டாக்டர் கோதண்டராமன் அவர்கள், 1996 ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி முழுவதும் தாம் மருத்துவமனையை விட்டு நகரவே இல்லை என்றும், ஆகவே பின்வரும் வரிகளை உடனே நீக்க வேண்டும் என்றும் கோரியவர். 'என் அக்கா ஃபிர்தௌஸ் இரண்டு மணிக்கு டாக்டரைக் கேட்டாள். ஐந்து மணி வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டர் தி. நகரில் ஒரு பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்...'"

மாளவிகாவின் குரல் தடுமாறியது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் வாசிப்பது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காகிதத்திலிருந்து கண்ணை எடுத்துப் பக்கத்தில் பார்த்தாள். டாக்டரின் தோளில் சரிகைப் பொன்னாடை விளக்கில் மின்னியது. நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷமோ, வேறு ஏதோ, கடைசி வரியையும் வாசித்துவிட்டாள், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"'அப்புறம் அவள் கேட்கவில்லை.'"

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் குழந்தையின் வாயைப் பொத்தினாள். டாக்டர் கண்ணைத் திறந்தார். தன் பக்கம் திருப்பியிருந்த மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நல்ல வக்கீல் பக்கத்தில் இருந்திருந்தால் காலை மிதித்திருப்பார். பாவம், அன்றைக்கு அவர் வக்கீல் இல்லாமல் வந்திருந்தார்.

"இது அபாண்டம். அஞ்சு மணி வரைன்னு வாய் கூசாம எழுதியிருக்கா. அந்த ஃபங்ஷன்ல சாப்பாடு முடிஞ்சு நாலு மணிக்கே கிளம்பிட்டேன். வேணும்னா அங்க இருந்தவங்களைக் கேளுங்க, நாலு மணிக்கே கிளம்பிட்டேன்."

இரண்டு தடவை சொன்னார். வீடியோ விளக்கு அவர் மேலேயே இருந்தது. ஆஸ்பத்திரியை விட்டு நகரவே இல்லை என்று ஸ்டாம்ப் ஒட்டிச் சொன்ன மனிதர், ஒரு மணி நேரக் கணக்கில் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போய், தன் வாயாலேயே உளறிவிட்டார். பின்வரிசையில் யாரோ, அப்போ அங்க இருந்திருக்காரு என்று நிதானமாகச் சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது. டாக்டர் மைக்கை விட்டார். பொன்னாடையோடே படியிறங்கிப் போனார். கழற்றத் தோன்றவில்லை போலிருக்கிறது.

சங்கரன் வஜீஹாவைத் திட்டினார், இரண்டு நாள் திட்டினார். மேற்கோள்களையெல்லாம் உடனே எடு, நீயும் கிளம்பு என்றார். இன்றைக்கு நாளைக்கு என்று அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் ஒரு பதிவுத் தபால் வந்தது. 'இன்சொல்' என்ற பெயருக்கு வந்த முதல் நோட்டீஸ். வீடியோ கேஸட்டை அழிக்க வேண்டும் என்று டாக்டரின் வக்கீல் எழுதியிருந்தார். கேஸட்டில் எந்தப் பகுதியை அழிப்பது என்று சொல்ல வேண்டுமே. வஜீஹாவின் நான்கு வரிகளும் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே, எமது கட்சிக்காரர் உணர்ச்சிவசப்பட்டுக் கூறியவை என்று, டாக்டர் சொன்னதும் மேற்கோள் குறிக்குள் இருந்தது. 'நாலு மணிக்கே கிளம்பிட்டேன்.'

முதல் எதிர்மனுதாரர் என்ற இடத்தில் சங்கரன் பெயர் இருந்தது. வீட்டு விலாசம், அப்பா பெயர், வயது எல்லாம் போட்டு. சங்கரன் நாற்காலியில் உட்கார்ந்து அதை முழுதாகப் படித்தார். அந்த அறையில் அவர் படித்த முதல் நோட்டீஸ் அது. விரல் வைத்து வைத்து, திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"என்னை எதுக்கும்மா மிரட்டறான் இந்த மனுஷன்? நான் என்ன பண்ணினேன்?" என்றார். பிறகு, "இதைப் போடு. எல்லாரும் பாக்கட்டும். ஒரு வரி விடாம அப்படியே போடு."

இருநூற்றுப் பதினோரு பேருக்காக வராத ரோஷம், தன் பெயரைப் பார்த்ததும் வந்துவிட்டது. தீர்மானத்தைப் பற்றி அவள் கேட்டாள். எந்தத் தீர்மானம் என்றார். அவளுக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வரவில்லை. வரவழைத்துக்கொள்ளவும் அவள் முயலவில்லை.

மேலே 'இன்சொல்' என்று பூ வேலைப்பாட்டோடு புதுப்பெயர் இருந்தது. வஜீஹா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருநூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்டாள். இங்கிலீஷ் பகுதியை வேகமாக அடித்தாள். மேற்கோள் குறி வந்ததும் நிதானித்தாள். இரண்டு மணிக்கு டாக்டரைக் கேட்டாள் என்று அடித்தாள். ஐந்து மணி வரை கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று அடித்தாள். கீழே, டாக்டரின் வாயிலிருந்து வந்ததையும் அடித்தாள். இந்தத் தடவை தனக்கென்று ஒரு பிரதி எடுத்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நேராக வீட்டுக்குப் போய் அம்மியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதை முதலிலிருந்து வாசித்துக் காட்டினாள்.